தெற்குக் கதவு திறந்தால்தான் மணி தெரியும்

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கால்வே விரிகுடாவின் வாயை மறித்தாற்போல் மூன்று தீவுகள் கிடக்கின்றன. ஆரன் தீவுகள். நடுவில் இருப்பது இனிஷ் மாண். பெயருக்கே நடுத்தீவு என்றுதான் பொருள். அங்குள்ள பழைய வீடுகளில் அடுப்படிக்கு இரண்டு கதவுகள், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, நேருக்கு நேர். காற்று அடிக்கிற பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு எதிர்க்கதவைத் திறந்து வைப்பார்கள். வடகாற்று என்றால் தெற்குக் கதவு திறந்திருக்கும், வெயில் உள்ளே விழும். நிலைக்காலின் நிழல் தரையில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து மணி சொல்லிவிடுவார்கள். காற்று தெற்குக்குத் திரும்பினால் வடக்குக் கதவைத் திறக்க வேண்டும். வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, மணியும் இல்லை. 1898-ல் அப்படி ஒரு வீட்டில் தங்கிய ஐரிஷ் நாடகாசிரியர் ஜே.எம். சிங் இதைக் குறித்து வைத்திருக்கிறார். வடகாற்று நாட்களில் வீட்டுக் கிழவி அவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு போட்டுவிடுவாள். மற்ற நாட்களில் ஆறு மணி டீ மூன்று மணிக்கே வந்து நிற்கும்.

இந்தச் சின்ன விஷயத்தை ஒரு நாள் வந்து போகிறவர் எழுதவே முடியாது. காற்று திசை மாறும்வரை அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். டீ ஏன் முன்னுக்குப் பின் வருகிறது என்று குழம்பியாக வேண்டும். பயணம் போன எழுத்தாளர்களில் யார் உண்மையில் எதையாவது பார்த்தார் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. அயர்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு எழுத்தாளர்கள் போனதும், அங்கிருந்து கதைகள் வந்ததும் நூறாண்டுக்கும் மேற்பட்ட சங்கதி. எல்லாரையும் தொட்டுக்கொண்டு போகாமல், சிங்கைப் பிடித்துக்கொண்டு, அவர் வழியாகப் பிளாஸ்கட் தீவுவரை போகலாம்.

முதலில் ஒரு பழங்கதையைத் தள்ளி வைத்துவிடுவோம். 1896 டிசம்பரில் பாரிஸில் ஒரு ஓட்டலில் கவிஞர் யேட்ஸ் சிங்கைச் சந்தித்தார். "பாரிஸை விடு, ஆரனுக்குப் போ, அங்கே ஒருவனாக வாழு, இதுவரை யாரும் சொல்லாத வாழ்க்கையைச் சொல்லு" என்கிற தோரணையில் அறிவுரை சொன்னார். சிங் மூட்டை கட்டினார். இதுதான் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. சொன்னவர் யேட்ஸ் என்பதை மறந்துவிடக் கூடாது. அவரே அந்த ஆகஸ்டில்தான் ஆரனை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சிங்கோ டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஐரிஷ் படித்துப் பரிசு வாங்கியவர். அவருடைய தந்தையின் சகோதரர் ஒருவர் 1850-களில் ஆரனில் புராட்டஸ்டன்ட் போதகராக இருந்திருக்கிறார். அறிவுரை கேட்ட பிறகும் சிங் உடனே கிளம்பவில்லை; ஒன்றரை வருடம் போலக் கடத்தி, பாரிஸில் கெல்டிக் பழங்கதை பற்றிய பேராசிரியர் டார்புவா த ஜூபன்வீலின் வகுப்புகளுக்கும் போய்விட்டு, 1898 மே 10 அன்று தீவில் இறங்கினார். வயது 27.

இன்னொரு பழங்கதை, தீவு யார் கண்ணும் படாத இடம் என்பது. சிங் முதலில் தங்கிய பெரிய தீவான இனிஷ் மோரில் அவருக்கு ஐரிஷ் சொல்லிக்கொடுத்தது முர்த்தீன் என்ற பாதிக் குருட்டுக் கிழவர். இவர் ஏற்கனவே ஃபிங்க், ஹோல்கர் பெடர்சன் என்ற இரண்டு மொழியியலாளர்களுக்கு ஆசான். அமெரிக்காவிலிருந்து வந்த ஜெரமையா கர்ட்டினுக்குக் கதை கொடுத்தவர். ஆஸ்கர் வைல்டின் தந்தையைத் தெரிந்தவர். வருகிற அயலார் எல்லாரும் ஐரிஷ் படிக்கவே வருவதைப் பார்த்த தீவுக்காரர்கள், உலகத்தில் பணக்காரர்களுக்கு இதைத் தவிர வேறு வேலையே இல்லை போலும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதே மே மாதம் எழுத்தாளர் லேடி கிரகரியும் நாட்டார் கதை சேகரிக்க அங்கே வந்திருந்தார். இன்னொரு அந்நியன் மக்களோடு பேசிக்கொண்டு திரிவதைப் பார்த்து எரிச்சலாக வந்தது, பொறாமைதான், என்று பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் எழுதினார். இருவரும் அப்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஏழு வருடம் கழித்து யேட்ஸோடு சேர்ந்து மூவரும் ஒரே நாடக அரங்கத்துக்கு இயக்குநர்கள்!

இனிஷ் மோரில் ஆங்கிலம் அதிகம் புழங்கியதால் இரண்டு வாரத்தில் சிங் இனிஷ் மாணுக்கு மாறினார். இது சரியான முடிவு. மொழி கற்கப் போகிறவர், தன் மொழியில் பதில் கிடைக்கிற ஊரில் தங்கினால் ஒன்றும் நடக்காது. 1902 வரை ஐந்து முறை போனார். முதல் பயணம் மே, ஜூனில். மற்ற நான்கும் இலையுதிர் காலத்தில். எல்லாம் சேர்த்து நாலரை மாதம் தேறும். அதிகம் என்று தோன்றாது. ஆனால் அதே வீடு, அதே ஆட்கள், நடுவில் கடிதப் போக்குவரத்து. ஒருமுறை நாலரை மாதம் இருந்தால் விருந்தாளி. ஐந்து முறை திரும்பிப் போனால் "இந்த வருஷம் ஏன் தாமதம்?" என்று கேட்கிற உறவு.

அவர் கையில் இருந்தவை மூன்று: குறிப்பேடு, பிடில், ஒரு கேமரா. பிடில் வாசித்து ஊரை ஆட வைத்தார். கேமராவால் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. முந்தைய வருடம் எடுத்த படங்களை அடுத்த முறை கொண்டுபோய்க் காட்டினார். வீடே கூடிப் பார்த்தது. ஒரு படத்தின் ஓரத்தில் கையோ காலோ மட்டும் விழுந்திருந்தால்கூட அது இன்னாருடையது என்று அடையாளம் சொன்னார்கள்.

அடுத்து ஒரு பிணக்கு. சிங் தன் 'ஆரன் தீவுகள்' புத்தகத்தில் மைக்கேல் என்று பெயர் மாற்றி எழுதிய வீட்டுப் பையனைப் படமெடுக்க ஏற்பாடு. பையனுக்குக் கால்வேயில் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நிற்க ஆசை. சிங்குக்கு அவன் தீவில் நெய்த முரட்டுக் கம்பளித் துணியில்தான் வேண்டும். அதுதான் அவனுக்கு எடுப்பாக இருக்கிறதாம். தீவுக்குப் போன எழுத்தாளர்கள், படமெடுத்தவர்கள் எல்லாருடைய கோளாறும் இந்த ஒரு காட்சிக்குள் அடக்கம். எதிரே நிற்பவன் நகரத்துச் சட்டையைத்தான் தன் முகமாக நினைக்கிறான். வந்தவருக்கு அது வேண்டாம். சிங்கின் நேர்மை என்னவென்றால், இந்தத் தகராறை மறைக்காமல் எழுதிவிட்டார். 1934-ல் வந்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'மேன் ஆஃப் ஆரன்' ஆவணப்படத்தில் அந்த ஒளிவின்மை இல்லை. குடும்பம் என்று காட்டியது உண்மைக் குடும்பம் அல்ல. பெருஞ்சுறா வேட்டை பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒழிந்துபோன தொழில். படத்துக்காக ஆட்களுக்கு ஈட்டி எறியக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

சிங்கின் கண் எதில் நிற்கிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். ஒன்று, பாம்பூட்டி என்னும் செருப்பு. பதனிடாத பசுத்தோல் ஒரே துண்டு, மயிர்ப்பக்கம் வெளியே. விரல் மேலும் குதிகாலைச் சுற்றியும் தூண்டில் கயிற்றால் கோத்து, இரண்டு முனையையும் புறங்காலில் முடிச்சுப் போட வேண்டும். இரவில் கழற்றியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட வேண்டும். காயவிட்டால் தோல் விறைத்துக் காலையும் காலுறையையும் அறுத்துவிடும். பகலிலும் அதற்காகவே அவ்வப்போது அலையில் காலை நனைத்துக்கொள்வார்கள். சிங்கின் பூட்ஸ் சுண்ணாம்புப் பாறையில் கிழிந்துபோனதும் அவருக்கும் ஒரு ஜோடி செய்து கொடுத்தார்கள். பூட்ஸ் பழக்கத்தில் குதிகாலை ஊன்றி நடந்து நன்றாகவே அடிபட்டுக்கொண்டார். சில மணி நேரத்தில் முன்பாதத்தால் நடக்கப் பழகினார். இங்கே நின்றிருக்கலாம். ஆனால் 'ஐரோப்பாவின் கனத்த பூட்ஸ் கெடுக்காத காட்டு விலங்கின் நடை' என்ற ரீதியில் மேலே போகிறார். அந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நெளிவது நியாயம்.

இரண்டாவது கெல்ப். குளிர்காலப் புயல்கள் ஒதுக்கும் கடற்பாசியை வாரி, வெயில் கண்ட நாளில் உலர்த்தி, போராகக் குவித்து ஜூன்வரை வைத்திருப்பார்கள். பிறகு கரையிலேயே தாழ்வான சூளை போட்டு 12 முதல் 24 மணி நேரம் இடைவிடாமல் எரிப்பார்கள். பாசி உருகிக் குழம்பாகும். ஒரு சூளையில் சுமார் இரண்டு டன். கல்லால் மூடி ஆறவிட்டால் சில நாளில் பாறையாக இறுகிவிடும். கடப்பாரையால் உடைத்து, கரக் என்ற தார் பூசிய துணிப்படகில் ஏற்றி, பெரிய தீவின் கில்ரோனன் துறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அயோடின் எவ்வளவு என்று சோதித்து விலை. முன்பு டன்னுக்கு 7 பவுண்டு கிடைத்தது. சிங் பார்த்தபோது 4 பவுண்டே தகராறு. புகை சூழ்ந்த சூளையின் அழகை எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. விலை விழுந்ததையும் சேர்த்து எழுதியதால்தான் இந்தப் புத்தகம் இன்றும் நிற்கிறது. 1901-ல் எழுதி முடித்ததைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். அச்சில் வர 1907 ஆயிற்று.

இனி கதை எப்படி நாடகமாகிறது என்பதற்கு வருவோம். இனிஷ் மாணில் பாட் டிரேன் என்ற கதைசொல்லி ஒரு கதை சொன்னார், தனக்கே நடந்ததாக. மழை இரவில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான் வழிப்போக்கன். மேசையில் பிணம், பக்கத்தில் மனைவி. அவனுக்கு விஸ்கியும் டீயும் கொடுத்துவிட்டு, சாவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் வெளியே போகிறாள். பிணம் எழுந்து உட்காருகிறது. "பெண்டாட்டி சரியில்லை, கையும் களவுமாகப் பிடிக்கச் செத்தவன் மாதிரி கிடக்கிறேன்" என்கிறது. அவள் ஒரு இளைஞனோடு திரும்பி வருகிறாள். இருவரும் உள்ளறைக்குப் போகிறார்கள். பிணம் ஒரு தடியை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை வழிப்போக்கன் கையில் கொடுக்கிறது. உள்ளே போய் ஓங்கி ஒரே அடி. ரத்தம் பீறிட்டுப் பரண்வரை தெறிக்கிறது. அவ்வளவுதான் கதை.

1903 அக்டோபரில் மேடையேறிய 'பள்ளத்தாக்கின் நிழலில்' நாடகத்தில் சிங் என்ன மாற்றினார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு பட்டறையே கிடைக்கும். தீவை விட்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த விக்லோ மலைக்குக் கதையைக் கொண்டுபோனார். அங்கே அண்டை வீடு தூரம், மூடுபனி அதிகம்; தனிமைக்குக் காரணம் சொல்லாமலே விளங்கும். மனைவிக்கு நோரா என்று பெயரும், கிழட்டுக் கணவனோடு காய்ந்துபோன வாழ்க்கையைப் பற்றிப் பேச வாயும் கொடுத்தார். கடைசியில் தடியடி இல்லை. கணவன் அவளை வெளியே போகச் சொல்கிறான்; கள்ளக்காதலன் வாய் திறக்கவில்லை; கூட வா என்று கூப்பிடுவது நாடோடிதான். அவள் போய்விடுகிறாள். கணவனும் அந்த இளைஞனும் எதிரெதிரே உட்கார்ந்து குடிக்கிறார்கள். கதையில் அடி விழுகிற இடத்தில் நாடகத்தில் கண்ணாடிக் குவளை. வாய்வழிக் கதையை அப்படியே எழுதிவைத்தால் அது சேகரிப்பு. எந்த இடத்தில் யார் பக்கம் சாய்வது என்று எழுதுகிறவர் முடிவெடுத்தால்தான் அது அவருடையது. டப்ளின் தேசியவாதிகளுக்கு இந்த முடிவு பொறுக்கவில்லை. ஐரிஷ் பெண் வீட்டை விட்டு ஓடுவாளா என்று ஆர்தர் கிரிஃபித் பத்திரிகையில் தாளித்தார். தடியடியோடு முடித்திருந்தால் ஒருவேளை கைதட்டியிருப்பார்கள்.

அடுத்த வருடம் வந்த 'கடலை நோக்கிச் செல்வோர்' வேறு வகை. டோனகால் கரையில் ஒரு பிணம் ஒதுங்கிய செய்தியும், உடைகளையும் பையில் இருந்த பொருட்களையும் வைத்து அது யார் என்று சகோதரி அனுமானித்ததும் சிங் தீவில் கேட்டவை. நாடகத்தில் இதை ஒரு காலுறையாகச் சுருக்கினார். தங்கை எண்ணிப் பார்க்கிறாள்: தான் பின்னிய மூன்றாவது ஜோடியில் இரண்டாவது, அறுபது கண்ணி போட்டு நாலைத் தவறவிட்டது. அந்த நாலு தவறிய கண்ணிதான் அண்ணன் செத்ததற்குச் சாட்சி. பின்னல் ஊசி பிடித்தவருக்கு இதன் கனம் உடனே தெரியும். சரியாகப் பின்னியிருந்தால் அது யாருடைய காலுறை என்று சொல்லியிருக்க முடியாது, பிழைதான் அடையாளம்.

இந்தக் காலுறையிலிருந்து ஒரு வியாபாரம் பிறந்தது. இன்று ஆரன் போகிறவர்களுக்கெல்லாம் வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர் விற்பவர்கள் சொல்வார்கள்: "ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பின்னல், மூழ்கிச் செத்தால் அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்." நம்ப வேண்டாம். சிங் எடுத்த படங்களில் அந்தக் கயிற்றுப் பின்னல் ஸ்வெட்டரே கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டில் உருவான பின்னல். பழம்பெரும் குலச்சின்னம் என்ற கதையை 1930-களுக்குப் பிறகு பரப்பியவர்களில் முக்கியமானவர் ஹெய்ன்ஸ் கீவே என்ற ஜவுளி வியாபாரி. நாடகத்தின் தவறிய கண்ணி, கடைக்குப் போனதும் குலப் பின்னல் ஆகிவிட்டது. ஸ்வெட்டர் நல்ல கதகதப்பு, வாங்கலாம். கதைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சிங்கின் உரையாடல் மொழி பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அது விநோதமாக ஒலிக்கும். ஐரிஷ் இலக்கணத்தின் மேல் ஆங்கிலச் சொற்களைப் போர்த்திய மொழி அது. தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஐரிஷில் 'உடைமை' காட்டத் தனி வினை இல்லை. புத்தகம் 'என்னிடம் இருக்கிறது', நாம் சொல்வது போலவே. பசி அவர்களுக்கு 'மேலே இருக்கிறது'. நமக்கும் 'எனக்கு'ப் பசிக்கிறதே தவிர நான் பசிப்பதில்லை. ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன், சாப்பிட்டாயா என்றால் சாப்பிடவில்லை. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சும் அப்படித்தான். "அவனைப் பார்த்ததற்குப் பின் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் இடிக்கிற அமைப்பு, தமிழில் "இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்" என்று சட்டென்று உட்கார்ந்துவிடும். எதை அழுத்த வேண்டுமோ அதை முன்னே தூக்கி வைப்பதற்கு நம்மிடம் 'தான்' இருக்கிறது.

ஆகவே சிங்கைத் தமிழாக்க முயல்கிறவர்கள் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து மிரளாமல் அதற்கடியில் இருக்கும் ஐரிஷைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. கெட்டுப்போவது இரண்டு விதத்தில். மேடைத் தமிழில் போட்டால், 'கடலை நோக்கிச் செல்வோர்' நாடகத்தின் தாயான மோர்யா கிழவி தலைமையாசிரியை மாதிரி பேசுவாள். ஒரே மாவட்டத்தின் வட்டாரச் சொற்களை அள்ளிக் கொட்டினால் அவள் கடலூர்க்காரி ஆகிவிடுவாள். சொற்களைப் பொதுவாக வைத்து, பேச்சின் இழுப்பை மட்டும் கொண்டுவருவதே வழி. மதச் சொற்களுக்கு நம் கடலோரக் கத்தோலிக்க ஊர்களின் தமிழ் தயாராக இருக்கிறது: ஆண்டவர், பங்குச் சாமியார், தீர்த்தம், பூசை. பொதுச் சொல் என்று 'இறைவன்' போட்டால் சுருதி இறங்கிவிடும். சாவு வீட்டில் பெண்கள் முன்னும் பின்னும் ஆடி அழும் பாட்டுக்கு அங்கே க்வீனா என்று பெயர். அதற்கு ஒப்பாரி என்பதைத் தவிர வேறு சொல் தேட வேண்டாம்.

சிங்கின் 'ப்ளேபாய்' நாடகம் 1907-ல் கிளப்பிய கலவரம் எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாக. தந்தையை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு ஓடிவந்தவனைத் தீவே ஒளித்து வைத்த கதையை சிங் இனிஷ் மாணில் ஒரு முதியவரிடம் கேட்டார். ஜனவரி 26 அன்று டப்ளினில், அந்த மூவரின் ஆபி அரங்கில் அது நாடகமானது. ஊரில் இல்லாத யேட்ஸுக்கு லேடி கிரகரி முதலில் 'மாபெரும் வெற்றி' என்று தந்தி அடித்தார். பிறகு இன்னொரு தந்தி: 'ஷிஃப்ட்' என்ற சொல் வந்ததும் கூட்டம் கலைந்து குழப்பம். அது பெண்களின் உள்ளுடைக்கு அன்றாடம் வழங்கிய பெயர். கொலைகாரனைக் கொண்டாடியது உறுத்தியதா, உள்ளாடை உறுத்தியதா என்பது அவரவர் ஊகம்.

அந்த நாடகத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1905 ஆகஸ்டில், சிங் தெற்கே கெரியின் கடைக்கோடியில் இருக்கும் பெரிய பிளாஸ்கட் தீவுக்கும் போனார். ஊரார் 'ராஜா' என்று அழைத்த பெரியவர் வீட்டில் இரண்டு வாரம் போலத் தங்கினார். அவர் இறங்கிய அதே தீவில் அப்போது ஐம்பது வயது மீனவர் ஒருவர் இருந்தார். பெயர் தோமாஸ் ஓ கிரிஹன். கதையின் மறுபக்கம் அவரிடம் தொடங்குகிறது.

1907-ல் நார்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்ட்ராண்டர் வந்து தோமாஸிடம் ஐரிஷ் படித்தார். 1910-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் கையெழுத்துச் சுவடிப் பிரிவிலிருந்து ராபின் ஃப்ளவர் வந்தார். அவருடைய பெயரை அப்படியே மொழிபெயர்த்து ப்ளாஹீன், சின்னப் பூ, என்று தீவு கூப்பிட்டது. வருடா வருடம் திரும்பி வந்தார். 1946-ல் இறந்தபோது சாம்பலைத் தீவில் தூவினார்கள். 1917-ல் பிரையன் ஓ கெல்லி வந்ததுதான் திருப்பம். கார்க்கியையும், பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோத்தியையும் தோமாஸுக்குப் படித்துக் காட்டினார். உங்களைப் போன்ற ஆட்களின் வாழ்க்கைதான் இது, நீங்களும் எழுதலாம் என்பது உட்கருத்து. நடுவயதில்தான் தாய்மொழியை எழுதப் படிக்கக் கற்றவர் தினமும் எழுத ஆரம்பித்தார். 1928-ல் நாட்குறிப்பு அச்சாயிற்று. 1929-ல் தன் வரலாறான 'தீவுக்காரன்'.

எங்களைப் போன்றவர்கள் இனி இருக்கப்போவதில்லை என்று அதன் கடைசிப் பக்கங்களில் வரும் வரி அயர்லாந்தில் பழமொழி ஆகிவிட்டது. வருத்தத்தோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி வருத்தம் அல்ல. கடல்நாய் வேட்டை, திருமணம், குடி, வரி வசூலிக்க வந்தவர்களைப் பெண்கள் கல்லால் விரட்டியது, தன் கழுதையைத் திட்டுவது. பிள்ளைகள் செத்ததை நாலு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். சிங்காக இருந்தால் அதில் ஒரு அங்கம் எழுதியிருப்பார். கால்வே உடுப்பில் நிற்க ஆசைப்பட்ட பையன் தானே கேமராவைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் புத்தகம்தான் பதில்.

அங்கேயும் ஒரு கை குறுக்கே வந்தது. முதல் பதிப்பாசிரியர் சில பகுதிகளை வெட்டினார். ஃப்ளவரின் 1934 ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தப் பதிப்பிலிருந்து வந்தது. 2012-ல் வந்த பானிஸ்டர், சோவ்பி மொழிபெயர்ப்பு முழுப் பிரதியிலிருந்து. முதல்முறை படிப்பவர்கள் அதை எடுப்பது நல்லது. அதே தீவில் வாழ்ந்த கதைசொல்லி பெக் சேயர்ஸின் வாழ்க்கைக் கதை, 1936-ல் வந்தது, இன்னும் சிக்கல். பெக் எழுதவில்லை, மகன் கேட்டு எழுதினார், ஒரு பதிப்பாசிரியர் சீர்செய்தார். அதைப் பள்ளிப் பாடமாக வைத்து, சதா புலம்பும் கிழவி என்று பல தலைமுறை மாணவர்கள் வெறுக்கும்படி செய்துவிட்டார்கள். அவரை நேரில் கேட்டவர்கள் வர்ணிப்பதோ வாய்த்துடுக்கும் சிரிப்பும் மிகுந்த ஒரு மனுஷியை.

அவருடைய கதைகளைப் பதிவு செய்த நாட்டார் வழக்காற்று ஆணையம் 1935-ல் தொடங்கியது. சேகரிப்பாளர்கள் எடிபோன் என்ற மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பதிந்ததை இரவில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் எழுதுவார்கள். பிறகு உருளை டப்ளினுக்குப் போகும். மேல் மெழுகைச் சீவிவிட்டு அடுத்த கதைக்குத் திரும்பி வரும். பணம் இல்லை. அதனால் எழுத்து இருக்கிறது, பெரும்பாலான குரல்கள் இல்லை. 1937 முதல் 1939 வரை பள்ளிக் குழந்தைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரச் சொன்ன திட்டத்தில் மட்டும் சுமார் 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. துக்கஸ் (duchas.ie) என்ற தளத்தில் ஊர்வாரியாக இலவசமாகப் பார்க்கலாம். அயர்லாந்தை வைத்து எழுத நினைப்பவர்கள் விமானச் சீட்டு எடுக்கும் முன் அதில் ஒரு மாதம் செலவிடலாம்.

நேரில் போகிறவர்களுக்கு. ஆரனுக்குப் படகு, கால்வே நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள ரோஸ் அ வீல் துறையிலிருந்து வருடம் முழுக்கப் போகும். பேருந்துச் சீட்டைப் படகோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். துறையில் வேறு வண்டி கிடைப்பது அரிது. கிளேர் பக்கம் டூலினிலிருந்து போவது குளிர்காலம் தவிர்ந்த மாதங்களில் மட்டும். ஒரே நாளில் போய் வருபவர்கள் இனிஷ் மோரில் இறங்கி, செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கும் டன் ஏங்கஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரோடு திரும்பிவிடுகிறார்கள். இனிஷ் மாணில் ஆட்கள் 200-க்கும் குறைவு. தங்குமிடம் சொற்பம், கோடை தாண்டினால் பல மூடிவிடும், சாப்பாட்டையும் சேர்த்துப் பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் பட்டினிதான். சிங் தங்கிய கூரை வீடும் கோடையில்தான் திறந்திருக்கும். மேற்கு விளிம்பில், எதிரே பெரிய தீவைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்த இடத்தில் காற்றுக்கு மறைப்பாக அடுக்கிய கல் அரண் இன்னும் இருக்கிறது. பாறைப் பிளவுகளில் கணுக்கால் மாட்டும். புல் மூடிய பிளவு கண்ணுக்கே தெரியாது. குதிகால் உயர்ந்த காலணி கூடாது.

பிளாஸ்கட் இன்னும் கறார். 1916-ல் 176 பேர் இருந்த தீவில் கடைசியாக எஞ்சிய 22 பேரை 1953 நவம்பர் 17 அன்று அரசு வெளியேற்றத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு குளிர்காலத்தில் 24 வயது இளைஞர் மூளைக்காய்ச்சலில் செத்தபோது, கடல் கொந்தளிப்பில் வைத்தியரும் வர முடியவில்லை, சாமியாரும் வர முடியவில்லை. இன்றும் பெரிய படகு நிற்கத் துறை இல்லை. கோடையில் மட்டும், கரைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி ரப்பர் படகில் இறக்குவார்கள். வானம் பளிச்சென்று இருந்தாலும் அலை எழும்பினால் பயணம் ரத்து. அதற்காகவே டிங்கிள் பக்கம் குறைந்தது மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். படகு போகாத நாளில் எதிர்க்கரையில், டன்க்வினில், பிளாஸ்கட் மையத்தின் பெரிய கண்ணாடி வழியாகத் தீவைப் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் மேகம் விலகினால் கூரையில்லாத வீடுகளின் சுவர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். வாசல் எந்தப் பக்கம் என்பதுகூட.